பிறப்புப் பூவும் பிறவாநெறியும்

மக்கள் தம் உடம்பின்மேற் குறிகளைப் பொறித்துக்கொள்ளும் வழக்கம் இன்று தோன்றியதன்று, மிகப் பழையது. நம் தமிழ்நாட்டில் அது பச்சை குத்துதல் என்னும் பெயரால் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அவ்வழக்கத்தோடு வழக்காடுதல் எம் கருத்தன்று. அண்மைக் காலத்தில் அதன்மேல் ஏறி வந்திருக்கும் ஒரு புதுக்கொள்கையே ஈண்டு ஆராய்ச்சிக்குரியது. அஃதாவது, ஆங்கில மாதம் ஒவ்வொன்றற்கும் ஒரு பூ உண்டென்பதும், அம்மாதத்திற் பிறந்தார்க்கு அப்பூவே பிறப்புப் பூ என்பதும், அப்பூ அவர்தம் இயல்பையும் ஆகூழையும் உணர்த்துமென்பதும், ஆதலின் அதனைத் தோளிலோ மணிக்கட்டிலோ அழியாதபடி குத்திக்கொள்ளல் நலம் பயக்குமென்பதுமாம்.

சென்னை, புதுச்சேரி முதலிய நகரங்களில் இதற்கென்றே கடைகள் உள. பன்னிரு மாதத்திற்கும் பூவும், பூவுக்குப் பொருளும், பொருளுக்கேற்ற வரைவும் பட்டியலாக வைத்திருக்கின்றனர். எம் பெருமுக்கல் தொடங்கி மரக்காணத்து உப்பளம் வரையுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளும் அப்பட்டியலைக் கைப்பேசியிற் கண்டு, ஒரு திங்கட் கூலியைக் கொடுத்துக் குத்திக்கொண்டு வருகின்றனர். இவ்வளவே யாயின் இளமையின் விளையாட்டென்று வாளா இருந்திருப்பேம். ஆனால் திருநீறு பூசிய நெற்றியினராய சிலர், இது சைவத்திற்கு உடன்பாடே என்று நாயன்மார் வரலாற்றையும் திருமந்திரத்தையும் சான்று காட்டத் தொடங்கிவிட்டனர். அறியாது செய்ததைப் பொறுக்கலாம். அதனை நம் நூல்களின்மேல் ஏற்றிச் சொல்லுதலைப் பொறுத்தல் ஆகாது. ஆகலின் இதனை எழுதப் புகுந்தேம்.

அவர்தம் கூற்றுக்களைத் தொகுத்து நோக்கின் ஐந்தாக அடங்கும். மாதப் பூக்களின் பொருள் தொன்றுதொட்டு வருவதென்பது ஒன்று. நம் முன்னோரும் பிறந்த நாண்மீனுக்கு மரம் வகுத்தாரென்பது இரண்டு. உடம்பு கோயிலாகலின் கோயிற்சுவரிற் பூவேலை செய்தல் போலும் இது என்பது மூன்று. வாடும் பூவினும் வாடாப் பூ சிறந்தது என்பது நான்கு. திருநாவுக்கரசு சுவாமிகளே தம் தோளிற் பொறி ஏற்றாரன்றோ என்பது ஐந்து. இவற்றை முறையே எடுத்து ஆராய்வாம்.

முதலாவது, தொன்மை. சீமாட்டி மேரி வொர்ட்லி மாண்டேகு என்பார் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து 1718-இல் எழுதிய கடிதமொன்றில், அந்நாட்டு மகளிர் பூவும் பிறவும் அனுப்பிக் குறிப்பாற் செய்தி உணர்த்துவரென்று தெரிவித்தார். 1819-இல் ஷார்லட் தெ லாத்தூர் என்னும் பெயரில் பூக்களின் மொழியைப் பற்றிய பிரெஞ்சு நூலொன்று வெளிவந்தது. 1884-இல் கேட் கிரீனவே என்னும் ஆங்கில ஓவியர் அப்பொருள் பற்றிப் படங்களோடு கூடிய ஒரு சிறுநூல் வெளியிட்டார். தொன்றுதொட்டு வருவதென்று இவர் கூறும் பொருள்களின் வயது ஏறக்குறைய இருநூறு ஆண்டே என்க.

அப்பொருள்தானும் நிலைத்து நின்றதோ எனின், அதுவும் இல்லை. கிரீனவே அம்மையார் நூலில் மாரிகோல்டு என்னும் பூவுக்குத் துயரம் பொருள். லார்க்ஸ்பருக்கு இலேசான மனம் பொருள். நார்சிசஸுக்குத் தன்முனைப்புப் பொருள். இந்நாட் கடைப் பட்டியலிலோ அக்டோபர் மாதத்து மாரிகோல்டு ஊக்கமாயிற்று. டிசம்பர் மாதத்து நார்சிசஸ் நன்னம்பிக்கையாயிற்று. துயரத்தையும் செருக்கையும் விலைகொடுத்துக் குத்திக்கொள்வார் இலராகலின், வணிகர் பொருளை மாற்றிக்கொண்டனர் போலும். நார்சிசஸ் என்பான் நீரிற் கண்ட தன் நிழலையே காதலித்து மாய்ந்த இளைஞனென்பது கிரேக்கர் கதை. தன்னையே கண்டு தன்னிலே மயங்கும் அந்நோய்க்கு நம் சித்தாந்தம் இட்ட பெயர் ஆணவம். டிசம்பரிற் பிறந்த சைவப்பிள்ளை, அனாதியே உள்ளிருந்து மறைக்கும் மலத்தின் அடையாளத்தைத் தோலின்மேலும் எழுதிக்கொள்ளுதல் எத்துணை இரங்கத்தக்கது!

அன்றியும், அம்மாதக் கணக்கு ஆங்கில நாட்டுக் குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ப அமைந்தது. சனவரிக்கு அவர் கூறும் பூ இரண்டு. அவற்றுள் ஸ்னோடிராப் என்பது உறைபனியைத் துளைத்துக்கொண்டு தலைநீட்டுவது. சனவரியில் மரக்காணத்தார் மழைநீர் வடித்து உப்புப்பாத்தி திருத்துவர். அங்கே உறைபனி ஏது? அது துளைத்தெழும் பூ ஏது? தான் கண்டிராத பூ, தன் ஊரில் முளையாத பூ, தன் பிறப்புக்குரியதென்று நம்புதல் பிறர் வீட்டுச் சாதகத்தை எடுத்துத் தனக்குப் பலன் பார்த்தலோடு ஒக்கும்.

தமிழர்க்குப் பூவின் மொழி தெரியாதோ? தெரியும், நன்கு தெரியும். நிலத்தையும் ஒழுக்கத்தையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தலென்று பூவாற் பெயரிட்டவர் தமிழர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை நிரல்படக் கூறினார். ஆனிரை கவர்வார் வெட்சி சூடினர். பகைவர் நிலத்தின்மேற் செல்வார் வஞ்சி சூடினர். பொருவார் தும்பை சூடினர். வென்றார் வாகை சூடினர். ஈண்டு ஒன்று நோக்குக. செய்கை முன்னது, பூ பின்னது. பிறந்த மாதம் பற்றி ஒருவனும் வாகை சூடியதில்லை. அற்றேல், சேரர்க்குப் பனையும் சோழர்க்கு ஆத்தியும் பாண்டியர்க்கு வேம்பும் குடிப்பிறப்பால் வந்தனவன்றோ எனின், அவை போர்க்களத்தில் இவன் இன்ன வேந்தன் படையினன் என்று அறிதற்குச் சூடிய அடையாளப் பூக்களாம். யாருடையன் என்னும் வினாவுக்கு அப்பூ விடை கூறிற்று. எம்மாதத்தான் என்னும் வினா அங்கே எழவேயில்லை.

மாதமே வேண்டுமென்பார்க்கும் நம் சமயத்தில் விடை உண்டு. திருஞானசம்பந்தப் பிள்ளையார் மயிலாப்பூரில் அருளிய பூம்பாவைத் திருப்பதிகத்தை எடுத்து நோக்குக. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரமென்று ஆண்டின் திங்கள்கள் இறைவன் விழாக்களாகவே அங்கு எண்ணப்படுகின்றன. பூவைப் பெயராகக் கொண்ட ஒரு பெண் என்பிலிருந்து எழுந்தபோது அவளுக்கு நினைவூட்டப்பட்டது அவள் பிறந்த திங்களன்று. அவன் விழாக்கொண்ட திங்கள் என்க.

இனி, இரண்டாவது கூற்று. நாண்மீன் இருபத்தேழனுக்கும் மரம் வகுத்த வழக்கம் உண்டென்பது மெய்யே. அசுவினிக்கு எட்டி, பரணிக்கு நெல்லி, கார்த்திகைக்கு அத்தி, ரோகிணிக்கு நாவல், பூசத்திற்கு அரசு, மகத்திற்கு ஆல், சித்திரைக்கு வில்வமென்பர். இப்பட்டியலிலுள்ள பூக்களையே சைவப் பிறப்புப் பூவென்று புதிதாகப் பெயரிட்டு விற்பாரும் தோன்றியுள்ளனர். அவரை வினவுகின்றேம். அத்தியும் அரசும் ஆலும் கோளி எனப்படும் இனத்தன. அவற்றின் பூ புறத்தே தோன்றாது காய்க்குள்ளே மறைந்து நிற்கும். ஆகவே கார்த்திகையிலும் பூசத்திலும் மகத்திலும் பிறந்தார் எப்பூவைக் குத்திக்கொள்வது? அசுவினியார்க்கு உரிய எட்டியோ நஞ்சு. அதற்கு என்ன நற்பொருள் கூறி விலை பேசுவர்? முன்னோர் கூறியது மரம், பூவன்று. அதன் பயன் நட்டு நீர்வார்த்துக் காத்தல், தோலிற் கீறுதலன்று. ஒருவன் தன் நாண்மீன் மரத்தை நட்டால் வழிப்போவார்க்கு நிழலாகும். தோளிற் குத்திய மரத்தின் நிழலில் எறும்பும் தங்காது.

மூன்றாவது, உடம்பு கோயிலென்பது. திருமூலர் அங்ஙனம் அருளியதை மறுப்பார் யாவர்? ஆயினும் கோயில் என்பது சுவரால் ஆயதன்று. உள்ளே எழுந்தருளியிருக்கும் சிவத்தால் ஆயது. சுவரிலுள்ள கொடியும் பூவும் கருவறையை நோக்கி நம்மைச் செலுத்த அமைந்தவை. கோயிற்சுவரில் எழுத்தும் உண்டு. எம்மூர்க் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் முத்தியாலீசுவரர் திருக்கோயிற் கற்களிலும் சோழர்காலத்து எழுத்துக்கள் உள. அத்தகைய எழுத்துக்களிற் பெரும்பாலன கூறுவன யாவை? இறைவனுக்கு விட்ட விளக்கும் நிலமும் பொன்னுமே. இராசராசன் தன் பிறந்தநாளாகிய சதயத்தை மறந்தானல்லன். அந்நாளிற் கோயிலில் விழா நடைபெற நிவந்தம் அமைத்தானென்று கல்வெட்டுக்கள் கூறும். தன் பிறப்பை இறைவன் பணியாக மாற்றிக் கல்லிற் பொறித்தான் அவன். பணி ஒன்றுமின்றிப் பிறப்பை மட்டும் பொறித்துக்கொள்வார் கோயிலை உவமை காட்டுதல் பொருந்தாது.

அக்குன்றிலேயே மற்றொன்றும் உளது. பாறைக் குகையொன்றில், வரலாற்றுக்கு முந்திய காலத்தனவென்று தொல்லியலார் கருதும் கீறல் உருவங்கள் காணப்படுகின்றன. கல்லைக் கல்லாற் கீறி எவரோ எதனையோ சொல்ல முயன்றனர். குறி நின்றது, பொருள் போயிற்று. இன்று அதற்கு ஒருவர் ஒன்றும் மற்றொருவர் வேறொன்றும் கூறுவர். வழிவழி வரும் ஆசிரியரும் மாணாக்கரும் அற்றபோது, கல்லிற் பொறித்த குறிக்கே இந்நிலை. ஐம்பதாண்டில் திரையும் தோலின்மேல், கடைக்காரர் ஆண்டுதோறும் மாற்றும் பொருளை நம்பிப் பொறித்த குறிக்கு என்ன நிலை என்பதை அறிவுடையார் ஓர்க.

நான்காவது, வாடாப் பூ சிறந்ததென்பது. இதுவே அவர் பிழைகளுட் பெரியது. பூவின் சிறப்பு வாடுதலிலே உள்ளது. நாளைக்கு வாடும் என்பதனாலன்றோ வைகறையில் நீராடி இன்றே கொய்து இன்றே சாத்துகின்றோம்! பழம்பூவும், தானே உதிர்ந்த பூவும், பூச்சி கடித்த பூவும், மோந்த பூவும் பூசைக்கு ஆகாவென்று விதித்தமை எதற்கு? ஒரு பொழுதே நிற்கும் அழகை அப்பொழுதே உரியவனிடம் சேர்த்தற்கு. திருவாரூரிற் பூமண்டபத்துப் பூவை எடுத்து மோந்த பல்லவ அரசியைச் செருத்துணை நாயனார் மூக்கரிந்ததும், அவள் கணவராகிய கழற்சிங்க நாயனார் அப்பூவை எடுத்த கையைத் துணித்ததும் பெரியபுராணத்துட் காண்க. அத்துணைக் கடுமை நமக்கு வேண்டா. பூ யாருக்குரியது என்னும் உறுதி மட்டும் வேண்டும். திருப்புகலூர் முருக நாயனார் வாழ்நாள் முழுதும் செய்தது பூப்பறித்து மாலை கட்டியதேயன்றோ!

தோலிற் குத்திய பூவுக்கு மணமில்லை, தேனில்லை, அதனைக் கொய்து ஓர் அடிமேல் இடவும் இயலாது. வாடாது என்பர், உடம்போடு ஒருங்கே வேகும் என்பதை மறைப்பர். எருக்கு மணமற்றது, ஒருவரும் நட்டு வளர்ப்பதில்லை, ஆயினும் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவர்த்தம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என எண்ணப்படும் அட்ட புட்பங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. அதன் பொருள் எங்கிருந்து வந்தது? அது பூத்த மாதத்திலிருந்தன்று. சென்று சேர்ந்த இடத்திலிருந்து வந்தது. பூவின் பொருள் இதுவே என்பது எம் துணிபு.

ஐந்தாவது கூற்றே வலியுடையது போலத் தோன்றுவது. திருநாவுக்கரசு சுவாமிகள் பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தில், தம் உடம்பின்மேல் மூவிலைச் சூலமும் இடபமும் பொறிக்க வேண்டுமென்று விண்ணப்பித்ததும், சிவபூதமொன்று பிறர் அறியாமே வந்து அவற்றைத் திருத்தோளில் ஒற்றியதும் மெய்யே. இதனைக் காட்டி, பொறி ஏற்றல் நாயன்மார் நெறி என்கின்றனர். நன்று. அவர் அதனை எதற்கு வேண்டினார்? சமண் சார்பில் நெடுநாள் இருந்த உடம்பு இது; இனி இவ்வுடம்போடு உயிர்வாழ வேண்டுமாயின் இஃது உன்னுடையதென்று உன் இலச்சினை இதன்மேல் வேண்டும் என்பதே அவ்விண்ணப்பத்தின் உட்கிடை. தொழுவத்து ஆவுக்கு உடையவன் குறி இடுதல் போல்வது அது. வைணவர் சங்கு சக்கரப் பொறி ஏற்பதும் இவ்வடிமைக் கருத்துப் பற்றியதே. அப்பொறி, நான் அவனுடையேன் என்று கூறிற்று. பிறப்புப் பூவோ, இவ்வுடம்பு என்னுடையது, நான் இன்ன மாதத்தேன், என் இயல்பு இன்னது என்று கூறும். ஒன்று யான் எனது என்பதை அழிக்க வந்தது. மற்றொன்று அதனை அழியாமற் காக்க வந்தது. இரண்டும் தோளின்மேலன என்பது பற்றி ஒன்றென்று கூறுதல், நீறும் சாம்பரும் வெண்மையால் ஒன்றென்று கூறுதலோடு ஒக்கும்.

பிறப்பு என்னும் சொல்லையே நோக்குக. சைவ சித்தாந்தம் பிறவியைப் பிணியென்றது. வினைப்பயன் நுகர்தற்கும் மலம் தேய்தற்கும் இறைவன் கருணையாற் கூட்டிய மருந்தென்றும் கூறிற்று. மருந்துண்பான் நோய்நீக்கத்தை நினைப்பான். நோய் தொடங்கிய நாளைப் புண்செய்து எழுதி வையான். பிறவாமை வேண்டுவதும், மீண்டும் பிறப்புண்டேல் மறவாமை வேண்டுவதும் நம் அடியார் நெறி. அந்நெறியில் நிற்பார்க்குப் பிறந்த மாதத்தைப் போற்றும் அழியாக் குறி எற்றுக்கு?

இத்துணையும் ஒருபாலார்க்குக் கூறினேம். இனி மறுபாலார்க்கும் ஒன்று கூறவேண்டும். பச்சை குத்திய உடம்பு தீட்டென்றும், அத்தகையார் தீக்கைக்கும் திருத்தொண்டிற்கும் உரியரல்லரென்றும் கடிந்து பேசும் சைவரும் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. என்னை? சமண் சார்ந்த உடம்பையே தன் இலச்சினை ஒற்றி ஆட்கொண்ட பெருமான், ஒரு பூவரைந்த உடம்பைத் தள்ளுவானோ? அறியாமையாற் குத்திக்கொண்ட பிள்ளை அத்தோளிலேயே திருநீறு பூசுக. அக்கையாலேயே மாலை கட்டுக. பழியைப் பொருள் அறியாது குத்தியவன்மேல் ஏற்றுதலினும், பூவின் பொருளை அவனுக்குச் சொல்லிக்கொடாத நம்மேல் ஏற்றுதலே முறை. நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அட்ட புட்பத்தை வாயாற் கூறவல்லர்? கூறாமை அவர் குற்றமோ, கற்பியாத நம் குற்றமோ?

எம் பகுதி மூதாட்டியர் முன்கைகளிற் கோலப்பச்சை இருத்தலைக் கண்டிருக்கின்றேம். குறத்தியர் ஊர்தோறும் வந்து, மஞ்சளும் அகத்தியிலையும் சேர்த்துத் திரித்த திரியை எரித்து எடுத்த கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, ஊசி கட்டிக் குத்துவர். தோலுக்குள் அக்கரி பசுமை காட்டலின் பச்சை என்னும் பெயர் வந்தது. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட நூலில் இத்தொழிலைப் பற்றி எழுதினார். வாசற்கோலமும் பச்சைக்கோலமும் ஓரினத்தன என்பதை ஜான் லேயர்டு என்பார் 1937-இல் ஆராய்ந்து எழுதினார். செத்தால் உடன்வருவது பச்சை ஒன்றே என்று அம்மூதாட்டியர் கூறுவர். உடன்வருவது வினையே என்பது சித்தாந்தமாகலின் அக்கூற்று நமக்கு உடன்பாடன்று. ஆயினும், போகும்போது உடன்வருவது யாது என்று எண்ணிய எண்ணம் அதிலே இருக்கின்றது. வாசலிற் போட்ட கோலத்தையே கையிலும் போட்டுக்கொண்டமையால், தன் வீட்டையும் தெய்வத்தையும் விட்டு விலகாத குறியாகவும் அஃது இருந்தது. அதனைப் பட்டிக்காட்டு வழக்கமென்று நகைத்தவரின் பேரப்பிள்ளைகளே இன்று அயல்நாட்டுப் பட்டியலுக்குப் பொருள் கொடுத்து நிற்கின்றனர். குறத்தியர் தொழில் நலிந்தது. அவ்வூசி குளிரூட்டிய கடைக்குள் புகுந்து விலையேறியது. இதுவே நாகரிகம் எனப்படுகின்றது! தூய்மை செய்யாத ஊசியாற் குருதிவழி மஞ்சட்காமாலை முதலிய கொடுநோய்கள் பரவுமென்று மருத்துவர் கூறுவதையும் இரு திறத்தாரும் நினைவிற் கொள்க.

அற்றேல், பிறந்த நாளை நினைவுகூரவே கூடாதோ எனின், கூடும். கூரும் முறை உண்டு. ஊர்தோறும் சிவாலயங்களின் திருநந்தவனங்கள் கிணறு தூர்ந்து முள்மண்டிக் கிடக்கின்றன. சுவாமிக்குச் சாத்தும் மாலை சந்தையிலிருந்து பழம்பூவாய் வருகின்றது. ஒரு பிறப்புப் பூ குத்தும் பொருளைக்கொண்டு ஒரு நந்தவனத்துக்கு ஆண்டு முழுதும் பூச்செடியும் வேலியும் அமைத்துவிடலாம். உப்புக்காற்று வீசும் எம் கடற்கரைப் பக்கத்துக்குப் புன்னை உண்டு, அலரி உண்டு, ஒன்றும் வளராத இடத்துக்கு எருக்கு உண்டு. பிறந்த நாண்மீனில் ஒரு செடி நடுக. ஆண்டுதோறும் அந்நாளில் அதன் பூவைக் கொண்டு சாத்துக. அதுவே சைவர்க்குரிய பிறப்புப் பூ.

புறப்பூவும் கிட்டாதார்க்கு அகப்பூ எட்டு உண்டென்று நம் பெரியோர் வகுத்தனர். கொல்லாமை, ஐம்பொறி அடக்கல், பொறுமை, இரக்கம், அறிவு, மெய்ம்மை, தவம், அன்பு என்பன அவை. இவற்றுக்கு மாதம் இல்லை, விலை இல்லை, ஊசியும் வேண்டா. தோலிற் குத்தியது தோலோடு போம். உயிரிற் பதிந்தது உயிரோடு செல்லும். செத்தால் உடன்வருவது எது என்று கேட்ட மூதாட்டியர்க்கும் இதுவே விடை.

சைவ நன்மக்காள்! நும் பிள்ளைகளைச் சினவற்க. அவர் கையைப் பிடித்து நந்தவனத்துக்கு அழைத்துச் சென்று, இது பாதிரி, இது நந்தியாவர்த்தமென்று காட்டுக. பெயர் அறிந்த பூவை அவர் தோலிற் கீறார். கொய்து திருவடியிற் சேர்ப்பர்.

திருச்சிற்றம்பலம்.